உட்புற வடிவமைப்பு: அலங்காரமா, அருங்கல்வியா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் வீட்டைக் கட்டி முடித்துவிட்டால் மட்டும் வேலை தீர்ந்துவிடுவதில்லை. அந்த வீட்டுக்குள் மனிதர்கள் சமைக்க வேண்டும். பிள்ளைகள் படிக்க வேண்டும். நோயுற்றவர் படுத்திருக்க வேண்டும். வயது முதிர்ந்த பாட்டி இரவில் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குச் சென்று வர வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, சுவர்களுக்கு உள்ளே இருக்கும் இடத்தைத் திட்டமிடும் கலையே உட்புற வடிவமைப்பு. 'இன்டீரியர் டிசைன்' என்று நாம் கேள்விப்படுவது இதுவேயாகும்.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நமக்கு இவ்வாண்டு ஒரு பெரிய கேள்வி காத்திருக்கிறது. பொதுத்தேர்வு முடிந்ததும் எந்தப் பிரிவில் சேருவது, பிறகு எதைப் படிப்பது என்பதே அது. மருத்துவம், பொறியியல் என்றால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உட்புற வடிவமைப்பு என்றால் மட்டும், "திரைச்சீலை மாட்டுவதற்கும் ஒரு பட்டமா?" என்ற கேள்வி எழுகிறது. பெரியோர் இப்படிக் கேட்பதில் தவறில்லை. அதற்குத் தக்க விடையைத் தேடித் தருவது நம் கடமையன்றோ? அவ்விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலங்காரமும் வடிவமைப்பும்

அலங்காரம் என்பது இருக்கும் அறையை அழகுபடுத்துவது. வண்ணம், திரை, பூச்சாடி, படம் ஆகியவை அதில் அடங்கும். வடிவமைப்போ அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இவ்வறையில் யார் இருக்கப் போகிறார்கள்? அவர்கள் உயரம் என்ன? எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வருகிறது? தீப்பிடித்தால் எவ்வழியாக வெளியேறுவார்கள்? இக்கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே வண்ணத்தின் முறை வருகிறது.

கும்பகோணத்தில் 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் ஒரு பள்ளியின் ஓலைக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டதை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். கூரைக்கு எந்தப் பொருள், சமையலறை எவ்விடத்தில், வெளியேறும் வழி எத்தனை அகலம் என்பவை உயிரோடு தொடர்புடைய செய்திகள் என்பதை அந்நாள் நாட்டுக்கே உணர்த்தியது. இவற்றைக் கற்பிக்கும் கல்வியை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட இயலாது.

வியன்னா நகரத்து மாணவி

இக்கல்வியின் பயனை அறிய ஒரு பெண்மணியின் வரலாறு நமக்கு உதவும். அவர் பெயர் மார்கரெத்தே ஷுட்டே-லிஹோட்ஸ்கி. 1897-இல் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் பிறந்தவர். 1915 முதல் 1919 வரை அந்நகரின் கலைத்தொழிற் பள்ளியில் பயின்றார். அப்பள்ளியே இன்று வியன்னாவின் பயன்பாட்டுக் கலைப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. பெண்கள் கட்டடக்கலை படிப்பதே அரிதாயிருந்த காலம் அது.

மாணவியாயிருந்தபோது, தொழிலாளர் குடியிருப்புகளை வடிவமைக்கும் போட்டி ஒன்றில் கலந்துகொள்ள விரும்பினார். அவருடைய ஆசிரியர் ஆஸ்கர் ஸ்டர்னாட் உடனே வரையச் சொல்லவில்லை. முதலில் தொழிலாளர் வாழும் பகுதிகளுக்குச் சென்று அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் பார்த்துவரச் சொன்னார். மார்கரெத்தே சென்று, நெரிசலான அறைகளைக் கண்டார். அதன் பிறகே வரைந்தார். 1917-இல் பரிசும் பெற்றார். பென்சிலை எடுக்கும் முன் பிறர் படும் துன்பத்தைப் பார்க்க வேண்டும் என்பதே அவர் கற்ற முதற்பாடம்.

1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஏழை எளியோருக்காக ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டபோது, அவற்றின் சமையலறையை வடிவமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. இடமோ மிகக் குறைவு. ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமே கிடைத்தன. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கிட்டார். ஓடும் ரயிலின் சிறிய சமையலறையையும் ஆராய்ந்தார். பின்னர் ஒவ்வொன்றையும் கைக்கு எட்டும் இடத்தில் அமைத்தார். மாவு வைக்கும் இழுப்பறைகளை ஓக் மரத்தால் செய்வித்தார். மாவில் புழு அண்டாதிருக்கவே இந்த ஏற்பாடு. காய் நறுக்கும் பலகை கறை எளிதில் ஏறாத பீச் மரத்தால் ஆனது. சன்னலருகே சுழலும் முக்காலி, சுவரில் மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகை, அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள் என்று எல்லாம் அச்சிறு அறைக்குள் அடங்கின. அடுத்த அறையில் விளையாடும் குழந்தையைத் தாய் கவனித்துக்கொள்ள வசதியாக ஒரு தள்ளு கதவும் இருந்தது. இத்தகைய சமையலறைகள் சுமார் 10,000 அமைக்கப்பட்டன.

ஆனால் அந்தச் சமையலறைக்கும் குறை உண்டு. ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்ய இடமிருந்ததால், அது பெண்ணைத் தனிமைப்படுத்திவிட்டது என்று பிற்காலத்தில் பலர் எடுத்துரைத்தனர். பாட்டி தேங்காய் துருவ, அம்மா தாளிக்க, மகள் வெங்காயம் உரிக்கும் நம் சமையலறைக்கு அவ்வமைப்பு அப்படியே பொருந்தாது. எனவே பிற நாட்டு வரைபடத்தைப் பார்த்து எழுதுவது வடிவமைப்பாகாது. அவரவர் வாழ்க்கையைப் பார்த்து அமைப்பதே வடிவமைப்பு. இட்லர் ஆட்சியை எதிர்த்ததற்காக 1941 முதல் 1945 வரை சிறையிலிருந்த இப்பெண்மணி, 2000-ஆம் ஆண்டில் 102-ஆம் வயதில் காலமானார்.

நோயாளியின் கண் கொண்டு

பின்லாந்து நாட்டில் பைமியோ என்னுமிடத்தில் 1933-இல் ஒரு காசநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஆல்வார் ஆல்ட்டோ. படுத்திருக்கும் நோயாளி நாள் முழுவதும் பார்ப்பது கூரையைத்தான் என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே கூரைக்குக் கண்ணை உறுத்தாத பச்சை வண்ணம் தீட்டினார். விளக்கொளி நோயாளியின் கண்ணில் நேரே விழாதபடி செய்தார். ஓர் அறையில் இருவர் தங்குவதால், ஒருவர் கை கழுவும் ஓசை மற்றவர் உறக்கத்தைக் கெடுக்காதபடி கழுவு தொட்டியின் வளைவை அமைத்தார்.

இஃது அன்பின் வெளிப்பாடு மட்டுமா, உண்மையிலேயே பயன் தருவதா என்ற ஐயம் எழலாம். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் குறிப்பேடுகளை அவர் ஒப்பிட்டார். அவர்களில் பாதிப் பேரின் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மறு பாதிப் பேருக்குச் செங்கற் சுவர் தெரிந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களிலும், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாட்களிலும் வீடு திரும்பினர். முன்னவர்களுக்குக் கடுமையான வலி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. ஒரு சன்னலை எங்கே வைப்பது என்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்குகிறது.

பல்கலைக்கழகத்தில் என்ன கற்பிக்கிறார்கள்?

நம் நாட்டில் இப்பட்டப் படிப்பு பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். முதலாண்டில் கையால் வரைதல், வடிவ கணிதம், வண்ணம் பற்றிய அறிவு, மரம், உலோகம், களிமண் ஆகியவற்றைக் கொண்டு பட்டறையில் வேலை செய்தல் ஆகியவை இடம்பெறும். அடுத்த ஆண்டுகளில் கட்டுமானப் பொருள்கள், மின்சாரமும் குழாய் அமைப்பும், வெளிச்சம், காற்றோட்டம், ஒலி, மரச்சாமான் செய்தல், கலை வரலாறு, செலவு மதிப்பீடு, கணினியில் வரைதல் முதலியன தொடரும். ஓர் அலுவலகத்தில் சில மாதங்கள் பயிற்சியும், இறுதியில் தனித் திட்டம் ஒன்றும் உண்டு.

பாடநூலை மனப்பாடம் செய்து இங்கே தேற முடியாது. ஒரு சிக்கலைக் கொடுத்துத் தீர்வு காணச் சொல்வார்கள். மாணவி தன் வரைபடத்தையும் மாதிரியையும் ஆசிரியர்கள் முன் வைத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நின்று விடை கூற வேண்டும். பிழையைச் சுட்டிக்காட்டினால் மீண்டும் வரைய வேண்டும். பொறுமையில்லாதவர்க்கு இது எளிதன்று.

கணக்கு இதில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். ஒரு படிக்கட்டை எடுத்துக்கொள்வோம். படியின் உயரத்தை இரு மடங்காக்கி, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் 60 முதல் 64 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும் என்பது நெடுநாள் விதி. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் பிளாண்டெல் என்பவர் இதனை வகுத்தார். உயரம் 15, அகலம் 30 என்றால் 30-உம் 30-உம் சேர்ந்து 60; ஏறுவது எளிது. உயரம் 20, அகலம் 20 என்றாலும் கூட்டினால் 60 வருகிறது. ஆனால் அப்படி செங்குத்தாகி முதியோரைத் தடுமாறச் செய்யும். ஆகவே கணக்கும் வேண்டும், அதனோடு கருத்தும் வேண்டும்.

எங்கே, எப்படிச் சேரலாம்?

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் 1958-இல் நம் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். நாம் அன்றாடம் கையாளும் சொம்பையே சிறந்த வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாக அவர்கள் அதில் புகழ்ந்தனர். அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அங்கே மரச்சாமான் மற்றும் உட்புற வடிவமைப்பு ஒரு தனிப் பாடப்பிரிவு. எந்தப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவரும் அதன் நுழைவுத் தேர்வை எழுதலாம். அதே நகரிலுள்ள செப்ட் பல்கலைக்கழகத்தில் 1991-இல் உட்புற வடிவமைப்புக்கென்றே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. நம் மாநிலத்திலோ, கோயம்புத்தூரில் 1957-இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கிய அவினாசிலிங்கம் நிறுவனம் பெண்களுக்கென்றே உள்ளது. மனையியல் படிப்பின் வழியாகவும் இத்துறைக்குள் நுழையலாம்.

கட்டடக்கலை வேறு, உட்புற வடிவமைப்பு வேறு என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். கட்டடக்கலைப் பட்டம் ஐந்தாண்டுப் படிப்பு. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் தேவை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொண்டவரே தம்மைக் கட்டடக்கலைஞர் என்று அழைத்துக்கொள்ளலாம். உட்புற வடிவமைப்பாளருக்கு அத்தகைய கட்டாயப் பதிவு நம் நாட்டில் இல்லை. ஆகவே சில மாதப் பயிற்சியிலேயே வல்லுநராக்குவதாகக் கூறும் விளம்பரங்களைப் பெற்றோர் கவனமாக ஆராய வேண்டும். பட்டறை உண்டா, முழுநேர ஆசிரியர் எத்தனை பேர், முன்பு படித்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் என்று கேட்டறிந்த பின்னரே சேர்க்க வேண்டும். எப்பக்கம் செல்வது என்று இன்னும் முடிவு செய்யாத தோழியர் பதினோராம் வகுப்பில் கணிதத்தையும் இயற்பியலையும் விட்டுவிடாமல் இருப்பது நலம்; இரு கதவுகளும் திறந்தே இருக்கும்.

செல்வர்க்கு மட்டும் உரியதா?

மாளிகைகளுக்கு மட்டுமே இத்துறை தேவை என்பது தவறான எண்ணம். பெரிய வீட்டில் இடம் வீணானால் யாருக்கும் நட்டமில்லை. ஒற்றை அறையில் ஐவர் வாழும் வீட்டிலோ ஒவ்வோர் அடியும் பொன் போன்றது. படுக்கைக்கு அடியில் புத்தகப் பெட்டி, கதவுக்குப் பின்னால் அலமாரி, மடக்கி வைக்கும் பலகை என்று நம் தாய்மார் பலர் பட்டம் பெறாமலே இக்கலையைச் செய்து வருகின்றனர். அவர்களுடைய அனுபவ அறிவோடு அளவும் அறிவியலும் சேர்ந்தால் எத்தனையோ இல்லங்களும், பள்ளிகளும், முதியோர் இல்லங்களும் பயன்பெறும். மாற்றுத் திறனாளியின் சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் வட்டம் தேவை. அந்த இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்கிவிட்டால் கூடுதல் செலவு சிறிதே. ஒதுக்க மறந்தால், பின்னர் சுவரை இடிக்க வேண்டியிருக்கும்.

இன்றே தொடங்குவோம்

தோழியரே! பட்டப் படிப்புக்கு இன்னும் இரண்டாண்டுகள் உள்ளன. ஆனால் பார்க்கக் கற்றுக்கொள்வதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் அளவு நாடாவும் ஒரு குறிப்பேடும் போதும். நம் பள்ளிப் படிக்கட்டை அளந்து மேற்கண்ட கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் சமையல் மேடையின் உயரத்தை அளப்போம். நின்று வேலை செய்பவரின் முழங்கையைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் தாழ்வாக அது இருந்தால் தோளும் முதுகும் வலிக்காது என்பர். நம் அன்னையருக்கு அவ்வாறு இருக்கிறதா? வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்து, கரும்பலகையில் வெயிலின் கூச்சம் எந்த நேரத்தில் விழுகிறது என்று குறித்து வைப்போம்.

இவ்வாறு பிறருடைய இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கும் பழக்கமே இக்கல்விக்கு அடித்தளம். கணிதம் கைகொடுக்கும், ஓவியம் துணை நிற்கும், உழைப்பு உயர்த்தும். பிறர் துன்பத்தைக் காணும் கண்ணோ நாமே வளர்த்துக்கொள்ள வேண்டியது. அக்கண்ணைப் பெற்ற பெண், எந்தப் பிரிவில் பயின்றாலும், தான் நுழையும் ஒவ்வோர் அறையையும் மனிதர் வாழத்தக்க இடமாக ஆக்குவாள் என்பது திண்ணம். அத்தகைய பெண்களாக நாம் விளங்கப் பெற்றோரும் ஆசிரியரும் ஊக்கம் அளித்து, வாழ்த்தி வழியனுப்புவார்களாக!