ஈசிஜி நார்மல், மூச்சு ஏன் வாங்குகிறது?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. 12 வருடமாகச் சர்க்கரை. இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சுவலி இல்லை, ஈசிஜியும் நார்மல். வயதுதான் காரணம் என்று விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நெடுநாள் சர்க்கரை, வலியை உணர்த்தும் நரம்புகளையே மழுங்கடித்துவிடும். வலி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. ஈசிஜி காட்டுவது இதயத்தின் மின்னோட்டத்தை. தசை எப்படி வேலை செய்கிறது என்பதை எக்கோதான் சொல்லும்.

இதயம் சுருங்கினால் மட்டும் போதாது, ரத்தத்தை வாங்கிக்கொள்ளத் தளர்ந்து விரியவும் வேண்டும். சர்க்கரை உள்ள பலருக்கு முதலில் கெடுவது இந்த விரிவுதான். தசை விறைத்துப்போக, நுரையீரலில் அழுத்தம் ஏறி மூச்சு திணறுகிறது. எக்கோ ரிப்போர்ட்டில் ‘இ.எஃப். 60%’ என்று இருந்தால் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது சுருங்கும் திறன் மட்டுமே! ‘டயஸ்டாலிக்’ என்று தொடங்கும் வரியையும் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். இந்த இதயச் செயலிழப்பைக் கண்டறிய பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதை ஆண்டுக்கு ஒருமுறை செய்யலாம் என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2022-இல் பரிந்துரைத்தது.

பெண்களுக்கு இன்னும் கவனம் தேவை. அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வில் (1974), சர்க்கரை இல்லாதவர்களைவிட சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரு மடங்குக்கும் மேல். பெண்களுக்கோ ஐந்து மடங்கு.

இன்று மாலையே அம்மாவின் கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி அப்படியே நின்றாலோ, படுக்க இரண்டு தலையணை தேவைப்பட்டாலோ, இந்த வாரமே இதய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். பயோகிளிட்டசோன் போன்றவை நீர்கோப்பைக் கூட்டும், எஸ்ஜிஎல்டி-2 வகை மாத்திரைகள் இதயத்துக்கு உதவும்.