கடலோரக் காணி வாங்குமுன்: கண்டக்குழிக் கரையை முன்வைத்து ஒரு பாடம்

கற்பிட்டிக் குடாநாட்டில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் காணி தேடுவது புதிய விடயமன்று. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தனர். போர்க்காலத்தில் தமிழ்க் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. 2009க்குப் பின் சிலர் ஊர் திரும்பினர்; பலர் இங்கேயே தங்கிவிட்டனர். முகாமில் பிறந்த பிள்ளைகள் இன்று தாங்களே பிள்ளை பெற்று, சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும் என்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் நகையை விற்றும் சீட்டுப் பிடித்தும் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு குடும்பம் வாழ்நாளில் ஒரு முறைதான் காணி வாங்குகிறது. அந்த ஒரு முறை தவறினால் மறுபடியும் இடம்பெயர்வுதான்.

ஆகவே கண்டக்குழிக் கரையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, வாங்குமுன் விசாரிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம். கண்டக்குழி குடாநாட்டின் மேற்குப் பக்கத்தில், திறந்த கடலைப் பார்த்திருக்கும் மீனவக் கிராமம். மறுபுறம் புத்தளம் களப்பு. நடுவே மணல். இங்கு சொல்லப்படுபவை தலவில், ஆலங்குடா, மாம்புரிப் பக்கங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

காணி யாருடையது?

தரகர் முதலில் காட்டுவது வேலியையும் தென்னையையும். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது உறுதியை. விற்பவர் கையில் இருக்கும் தாள் எந்த வகையானது என்பதிலேயே பாதி விடயம் அடங்கிவிடுகிறது.

1935ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணிகளை நம்மவர்கள் "பெர்மிட் காணி" என்பார்கள். அதே சட்டத்தின் கீழ் அளிப்புப் பத்திரம் பெற்ற காணிகளும் உண்டு. இவற்றைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இன்றிக் கைமாற்ற முடியாது. சம்மதமின்றி எழுதும் உறுதி செல்லாது. அப்படிப்பட்ட உறுதியை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்துவதையே சட்டம் தடுக்கிறது. "எல்லாரும் இப்படித்தான் வாங்கினார்கள், இதுவரை யாரும் கேட்கவில்லை" என்ற பேச்சைக் கேட்பீர்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விற்றவரின் மகன் பத்து வருடம் கழித்துப் பின்னுரித்தாளியாகப் பெயர் பதிந்துகொண்டு வந்து நின்றால், உங்கள் கையிலிருக்கும் தாளுக்கு மதிப்பில்லை.

வெறும் முத்திரை ஒட்டிய தாளில் இரு சாட்சிகளோடு எழுதிக் கொடுக்கும் வழக்கமும் நின்றபாடில்லை. 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்தாகாத காணி விற்பனை சட்டத்தின் முன் விற்பனையே அல்ல. கிராம உத்தியோகத்தர் கையொப்பமிட்டாலும் அது மாறாது.

"பத்து வருடம் இருந்தால் காணி நமக்கே" என்ற நம்பிக்கையும் ஊரில் உண்டு. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் தனியார் காணியில் சில நிபந்தனைகளோடு அதற்கு இடம் கொடுக்கிறது. அரச காணிக்கு அது பொருந்தாது. கடற்கரையை ஒட்டிய புறம்போக்கில் முப்பது வருடம் குடியிருந்தவரிடம் நீங்கள் வாங்குவது குடிசையையும் தென்னையையும்தான், மண்ணை அல்ல. அரச காணியில் அனுமதியின்றி இருப்பவரை நீதவான் நீதிமன்றின் மூலம் வெளியேற்ற 1979ஆம் ஆண்டு 7ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

உறுதிக் காணியாயின் புத்தளம் காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவுகளைத் தேடிப் பார்க்கச் செய்யுங்கள். அடமானம், நீதிமன்றத் தடை, முன்னரே எழுதிய வேறு உறுதி எல்லாம் அங்கே தெரியவரும். இப்பகுதித் தென்னங்காணிகளில் அடிக்கடி காணப்படும் வில்லங்கம் பிரிக்கப்படாத பங்கு. ஐந்து சகோதரர்களில் ஒருவர் தன் ஐந்தில் ஒரு பங்கை விற்பார். கடலைப் பார்த்த மூலையைக் காட்டுவார். உறுதியிலோ மூலை என்று எதுவும் இராது, பங்கு மட்டுமே இருக்கும். மற்ற நால்வரும் சம்மதித்துக் கையெழுத்திட்ட பிரிவினை உறுதியும், உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடமும் இல்லாமல் அந்த மூலையில் வேலி போடாதீர்கள்.

2007இல் உலக வங்கியின் கடனுதவியுடன் புத்தளத்தில் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தில், காணி உரித்து ஆவணம் இருப்பது வீட்டு உதவி பெறுவதற்கான அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாயிருந்தது. வங்கிக் கடனும் அப்படித்தான். தாள் இல்லாத காணி மலிவாய்க் கிடைக்கும். பின்னால் வரும் உதவிகளுக்கு அது கதவை அடைத்துவிடும்.

இங்கு இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடுவோம். இங்கே காணி வாங்கினால் மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள காணி உரிமை போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. அங்குள்ள காணியில் வேறொருவர் இருந்தால் அது தனிப் பிரச்சினை. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன் பயன் உங்களுக்குக் கிடைக்குமா என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.

கரையோரச் சட்டம்

காணி உங்களுடையதாகவே இருந்தாலும் அதில் விரும்பியதைக் கட்டலாம் என்றில்லை. 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு தொடுத்த களப்பும் ஆறும் உள்ள இடங்களில் அது வாயிலிருந்து உட்புறமாக 2 கிலோமீற்றர் வரை நீளும். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகைய நீர்நிலைகளின் ஓரமாக மேலும் 100 மீற்றரைச் சேர்த்தது. இந்த வலயத்தில் வீடு கட்ட, மண் அள்ள, பள்ளம் நிரப்ப, இயற்கைச் செடிகொடிகளை அகற்ற அனுமதி வேண்டும். வலயத்துக்குள் இருப்பதால் கட்டவே முடியாது என்று பொருளல்ல. ஆனால் கடலிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பது கரைக்குக் கரை மாறும். வர்த்தமானியில் வெளியாகும் முகாமைத்துவத் திட்டத்தில் அது குறிக்கப்படும். கற்பிட்டிப் பிரதேச செயலகத்துக்கு வரைபடத்துடன் சென்று, இந்தத் துண்டுக்கு எத்தனை மீற்றர் என்று கேளுங்கள். நாற்பது பேர்ச் துண்டில் விட வேண்டிய தூரம் போக வீட்டுக்கு இடமே மிஞ்சாத காணிகள் உண்டு.

விதிகள் மாறவும் செய்யும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தெற்கு, மேற்குக் கரைகளில் 100 மீற்றரும் வடக்கு, கிழக்கில் 200 மீற்றரும் கட்டடத் தடை அறிவிக்கப்பட்டு, பின்னர் தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கரையோரக் குடும்பங்கள் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல.

பிரதேச சபையில் வீதிக் கோட்டுச் சான்றிதழ் கேளுங்கள். காணி சுவீகரிப்பு அறிவித்தல் ஏதும் உண்டா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். 14 தீவுகளை உள்ளடக்கிய கற்பிட்டி உல்லாசப் பயணத் திட்டம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து இக்கரையில் காணி விலையும் எல்லைத் தகராறும் சேர்ந்தே வளர்ந்துள்ளன. ஹோட்டல்காரர் வாங்கும் விலையை விவசாயி கொடுக்கலாகாது என்பது எமது கருத்து. கடற்காட்சி வெங்காயத்துக்கு உரமாகாது.

கிணற்றைக் கேளுங்கள்

விவசாயக் குடும்பத்துக்கு இதுவே பெரிய விடயம். குடாநாட்டில் ஆறு இல்லை. மழைநீர் மணலில் இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உப்பு நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. நன்னீர் உப்பு நீரைவிடச் சற்று இலேசானது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: மேலே ஓர் அடி குறைய, கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். அயலவர் பெரிய பம்பு வைத்து இரவு பகலாய் இறைத்தால் உங்கள் கிணறும் உவர்க்கும்.

மார்கழியில் எல்லாக் கிணறும் இனிக்கும். ஆகவே காணியை ஆவணி, புரட்டாதியில் பாருங்கள். அக்கிணற்றில் மட்டுமன்றி, கடல் பக்கம் ஒன்று, களப்புப் பக்கம் ஒன்றாக அயலிலும் குடித்துப் பாருங்கள். காலையில் ஒரு முறை, இரண்டு மணி நேரம் இறைத்தபின் ஒரு முறை. பயற்றை இனங்களும் வெங்காயமும் உப்பைத் தாங்கா, தென்னை தாங்கும். உமரி படர்ந்த தரையில் மிளகாய் போடும் கனவு வேண்டாம். மலிவாகக் கிடைக்கும் கைவிட்ட இறால் பண்ணை நிலங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். குளத்தை மூடிவிடலாம், மண்ணில் ஊறிய உப்பை எளிதில் எடுக்க முடியாது.

இனிக்கும் நீரும் ஏமாற்றலாம். மணலில் இடும் யூரியாவும் கோழி எருவும் நிற்பதில்லை; நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்குகின்றன. கற்பிட்டித் தோட்டக் கிணறுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய நைத்திரேற்று இருப்பதை ஆய்வாளர்கள் பல காலமாகவே காட்டி வந்துள்ளனர். அதற்கு நிறமோ மணமோ இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலை இது குறைக்கும். கைக்குழந்தை உள்ள வீடாயின் ஒரு போத்தல் நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதிக்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

காற்று, கடல், அயல்

வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று ஓயாது. பட்டம் பிடித்து நீரில் சறுக்கும் உல்லாசப் பயணிகள் தேடி வருவதும், மாம்புரியில் 2010இல் காற்றாலைகள் எழுந்ததும் இக்காற்றை நம்பியே. தோட்டக்காரருக்கோ வேலியும் காப்பு மரமும் முதற் செலவு. கடல் அரிப்பை அறிய, வேர் தெரியச் சாய்ந்த தென்னைகளைப் பாருங்கள். பழைய அளவை வரைபடத்தில் கடற்கரைக் கோடு இருந்த இடத்தையும் இன்று இருக்கும் இடத்தையும் அடியளந்து பாருங்கள்.

நுரைச்சோலையில் 2011 முதல் மின் தந்து, 2014இல் 900 மெகாவாற்றாக முழுமை பெற்ற நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. காற்றுக் காலத்தில் சாம்பலும் தூசியும் வருவதாக அயல் கிராம மக்கள் முறையிட்டு வந்துள்ளனர். அதன் அருகே காணி பார்ப்பவர்கள் கீரை இலையை விரலால் தடவிப் பார்க்கலாம்.

கண்டக்குழியில் ஐப்பசி தொடங்கினால் மீன்பிடிக் காலம். வெளியூர் மீனவரும் வாடி போடுவர். நீங்கள் சித்திரையில் பார்த்த வெறுமையான கரை அப்போது வள்ளமும் வலையுமாக நிறைந்திருக்கும். கரைவலைப் பாட்டுக்கும் கடலுக்குப் போகும் ஒழுங்கைக்கும் குறுக்கே வேலி போட்டால், உறுதி எவ்வளவு நல்லதாயினும் முதல் நாளே பகை. முதலில் வந்தவர்கள் அவர்கள். இடம்பெயர்ந்தோர் வந்தபின் நீரும் கூலியும் காணியும் பங்கு போயின என்ற மனக்குறை இப்பகுதியில் இன்றும் சிலரிடம் உண்டு, அதைக் குற்றமாக எண்ண வேண்டாம். கையெழுத்துப் போடுமுன் நான்கு எல்லைக்காரர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைகளின் பாடசாலை எந்த மொழியில், எவ்வளவு தூரம், மழைக்காலத்தில் பாதை எப்படி என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். விற்பவர் ஏன் விற்கிறார் என்பதும் அங்கேதான் தெரியும்.

இவ்வளவும் பார்த்து மனம் ஒப்பினால், முற்பணத்தை நொத்தாரிசு முன்னிலையில் உடன்படிக்கை எழுதிக் கொடுங்கள். உறுதி முடிந்ததும் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். 1927ஆம் ஆண்டு 23ஆம் இலக்கப் பதிவுச் சட்டத்தின்படி, ஒரே காணிக்கு இரு உறுதி எழுதப்பட்டால், மோசடியின்றி விலை கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. நொத்தாரிசு எந்த நாளில் புத்தளம் பதிவகத்துக்கு அனுப்பினார் என்று கேட்டு, அந்தத் திகதியையும் பதிவு இலக்கத்தையும் உறுதிப் பிரதியின் பின்புறத்தில் குறித்து வையுங்கள்.