வயதறிந்து உணவிடுவோம்: நாய், பூனை வளர்ப்போருக்கு ஒரு பாடம்

முன்னுரை

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்துக் கொண்டிருந்தபோது, பள்ளி வேலியோரம் கண் திறக்காத ஒரு பூனைக்குட்டியைக் கண்டெடுத்தேன். காலணிப் பெட்டியில் வைத்து வீட்டிற்குக் கொண்டு வந்தேன். அப்பா தேநீருக்குக் கலக்கும் டின்பாலை வெந்நீரில் கரைத்து, குட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து, மருந்து ஊட்டும் குழலால் ஊட்டினேன். இரண்டாம் நாள் அதற்கு வயிற்றுப்போக்கு கண்டது. மூன்றாம் நாள் விடியற்காலையில் பெட்டியைத் திறந்தபோது அது அசையவில்லை.

“அதுக்கு ஆயுசு அவ்வளவுதாம்மா” என்றார் பாட்டி. பத்தாண்டுகள் நானும் அதை நம்பினேன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் மாணவியாகப் பாலூட்டிகளைப் பற்றிப் படித்த அன்றுதான் என் கைப்பிழைகள் எனக்குத் தெரிந்தன. அந்தப் பிழைகளை வாசகர்களாகிய நீங்களும் செய்யாதிருக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பால்குடிப் பருவம்

தாய்ப்பூனையின் பாலில் உள்ள புரதம் பசும்பாலில் உள்ளதைப் போல் இரு மடங்கிற்கும் மேல். டின்பாலிலோ ஏறத்தாழப் பாதி சீனி. குட்டியின் குடலால் இவ்வளவு இனிப்பைச் செரிக்க இயலாது. வயிற்றுப்போக்கினால் உடல்நீர் வற்றி அது இறந்துவிடும். தாயில்லாக் குட்டிகளுக்கென்றே செய்யப்பட்ட பால்மாவு செல்லப்பிராணிக் கடைகளிலும் கால்நடை மருத்துவகங்களிலும் கிடைக்கிறது. பூனைக்குத் தனி, நாய்க்குத் தனி. முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை, இரவிலும் ஊட்ட வேண்டும்.

எப்படி ஊட்டுகிறோம் என்பதும் முக்கியம். குட்டி குளிர்ந்திருந்தால் முதலில் அதன் உடலைச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த உடலில் செரிமானம் நடக்காது. தாயிடம் குடிப்பது போல் குப்புறக் கிடத்தித்தான் ஊட்ட வேண்டும். மல்லாக்கக் கிடத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஊட்டிய பின், வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்லத் துடைத்துவிட வேண்டும். தாயின் நாக்கு செய்யும் இவ்வேலை இன்றிக் குட்டியால் சிறுநீர் கழிக்க முடியாது. நலமான பூனைக்குட்டி நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் எடை கூடும். சமையலறைத் தராசே போதும், அது பிழைக்குமா என்று சொல்லிவிடும்.

நான் எல்லாவற்றையும் தவறாகவே செய்திருந்தேன்.

வளரும் பருவம்

தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப் பெயரைக் ‘குருளை’ என்கிறது. வெருகு என்னும் பூனையின் இளமைக்குக் ‘குட்டி’ என்பது பெயர். இளமைக்கென்று தனிப்பெயர் வைத்த மொழி நம்முடையது. உணவிடும்போது மட்டும் குருளையையும் கிழநாயையும் ஒரே தட்டில் நிறுத்திவிடுகிறோம்.

மூன்று நான்கு வாரத்தில் பாலோடு குழைத்த மென்மையான உணவைத் தொடங்கலாம். எட்டு வாரத்திற்குள் பால் மறந்துவிடும். அப்போது சிறு வயிறு. ஆனால் தேவை பெரிது. நான்கு மாதம் வரை நாளுக்கு மூன்று நான்கு வேளையும், ஆறு மாதத்திற்குப் பின் இரண்டு வேளையும் கொடுப்பது நலம். பெரிய இன நாய்க்குட்டிகளுக்குச் ‘சத்து’ என்று சுண்ணச்சத்து மாத்திரை கொடுப்போர் உண்டு. இது ஆபத்தானது. மிகுதியான சுண்ணச்சத்தைக் குட்டியின் குடலால் தடுத்து நிறுத்த முடியாது. எலும்பு கோணலாக வளரும். பெரிய இனக் குட்டிக்கென்றே செய்த உணவில் அளவு சரியாக இருக்கும்.

பூனை வேறு, நாய் வேறு

எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம். நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது விடுமுறைக்கு வந்தேன். எங்கள் பூனை செல்லத்திற்குப் பாட்டி தயிர்ச்சோறு வைத்திருந்தார். அது முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. இரண்டு நாளாக இப்படித்தான் என்றார் அம்மா. “பசிச்சா தானா சாப்பிடும்” என்றார் பாட்டி.

எனக்குக் கவலையாக இருந்தது. பருத்த பூனை சில நாள் உண்ணாமல் கிடந்தாலே உடற்கொழுப்பு கல்லீரலில் குவிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மேலும், பூனை பிறவி ஊனுண்ணி. இறைச்சியில் மட்டுமே நிறைவாக உள்ள டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தயாரிப்பதில்லை. அது நெடுநாள் குறைந்தால் கண் பார்வை கெடும். இதயத் தசை தளரும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்டனர். அதன் பிறகே பூனை உணவில் டாரினைக் கூட்டினர். காரட்டில் இருப்பதை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் பூனையால் இயலாது.

இதைப் பாட்டியிடம் சொல்லப் போனபோதுதான் திக்கினேன். தேசிய இடைநிலைப்பள்ளியில் இவற்றையெல்லாம் மலாயில் படித்தேன். இங்கே ஆங்கிலத்தில் படிக்கிறேன். பாட்டிக்கோ ‘புரதம்’ என்ற சொல்லும் அந்நியம். கடைசியில், “பாட்டி, கவுச்சியிலதான் அதோட கண்ணும் நெஞ்சும் இருக்கு. நம்ம விரதம் அதுக்கு விரதம் இல்ல, பட்டினி” என்றேன். பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சாமி மேடை பக்கம் கொண்டு வராதே. பின்னால கொட்டாயில தனித் தட்டு வை” என்றார். அன்று மாலை செல்லம் பிஸ்கட்டை மீதி வைக்காமல் தின்றது.

நாய் கதை வேறு. நாய்க்குச் சோறு ஆகாது என்று இன்று பலர் சொல்கின்றனர். சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2013-இல் வெளிவந்த ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல படிகள் மிகுந்துள்ளதைக் காட்டியது. மனிதரோடு வாழ்ந்து நாய் சோறுண்ணக் கற்றுக்கொண்டது. ஆகவே எங்கள் மணிக்குப் பாட்டி சோறு வைத்தது தவறன்று. மேலே ஊற்றிய கறிக்குழம்புதான் தவறு. வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லெட்டும் நஞ்சு. சமைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். இப்போது மசாலா போடுமுன் மணியின் பங்குக் கோழியை அவித்து எடுத்துவிடுகிறோம். எனினும் சோறும் கோழியும் மட்டுமே உணவானால் சுண்ணச்சத்து போதாது. முழுமையான நாய் உணவே அடிப்படை. பாட்டியின் சோறு அதன்மேல் ஒரு கைப்பிடி.

நடுவயது

இப்பருவத்தின் எதிரி நம் அன்புதான். கருத்தடை செய்த பிராணிக்குத் தேவை குறையும்; பசி குறையாது. நான்கு கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு நாளுக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கிலோகலோரி போதும். உலர் உணவாயின் அது 60 கிராம் அளவே.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்தனர். ஒரு பாதி நாய்களுக்கு, மறு பாதி உண்டதில் நான்கில் ஒரு பங்கு குறைத்துக் கொடுத்தனர். 2002-இல் வெளிவந்த முடிவு: அளவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, நிறைய உண்டவற்றிற்கு 11.2 ஆண்டு. விலாவில் கை வைத்துப் பாருங்கள். அழுத்தாமலேயே எலும்பு தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும்.

முதுமை

வயதானால் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்பது பொதுவிதியன்று. கிழப்பூனைகள் தசை கரைந்து மெலிவதே மிகுதி. எளிதில் செரிக்கும் நல்ல இறைச்சி அவற்றுக்குத் தேவை. சிறுநீரக நோய் உறுதியானால் மட்டும் பாஸ்பரஸ் குறைந்த தனி உணவை மருத்துவர் தருவார். முதிய பூனைகளுக்கு அந்நோய் அதிகம். ஆகவே ஈர உணவும் பல இடங்களில் தண்ணீரும் வைப்பது நன்று. நீர் குடிப்பது திடீரென மிகுந்தாலோ, எடை குறைந்தாலோ, மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். உணவை மாற்றுவதானால் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

முடிவுரை

சென்ற மாதம் பாட்டி விடுதிக்கு அழைத்தார். “ஏம்மா, மணிக்குப் பல்லு ஆடுது. பிஸ்கட்ட வெதுவெதுன்னு தண்ணியில ஊற வச்சுக் கொடுக்கட்டுமா?” சரியான யோசனை என்றேன். பல்லை மருத்துவரிடமும் காட்டச் சொன்னேன். பன்னிரண்டு வயது நாய்க்காகப் பாட்டி என்னிடம் யோசனை கேட்டது அதுவே முதல் முறை.

நாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் கற்றவை தேர்வுத் தாளோடு நின்றுவிடுகின்றன. வீட்டில் பிராணிகளுக்குச் சோறு வைப்பவர்களோ நம் பாட்டிமாரும் அம்மாமாரும். அவர்கள் மொழியில் நாம் சொன்னால்தான் கற்றது தட்டு வரைக்கும் போய்ச் சேரும். காலணிப் பெட்டியில் இறந்த அந்தக் குட்டிக்கு ஆயுள் குறைவில்லை. அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. இனி நாம் சொல்வோம்.