தேனும் இரத்தக் கொழுப்பும்

தேன் நம் முன்னோர் போற்றிய பொருள். சூரணத்தைத் தேனில் குழைத்து உண்ணும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. நாம் பால் வெட்டும் இரப்பர் மரமும் தேனீக்களுக்கு உணவளிக்கிறது. இலையுதிர்ந்து மீண்டும் தளிர்க்கும் பருவத்தில் அதன் இலைக்காம்பு நுனியில் இனிய நீர் சுரக்கிறது. இத்துணைச் சிறப்புடைய தேன், இரத்தத்தில் மிகுந்துவிட்ட கொழுப்பைக் குறைக்குமா?

கொலஸ்ட்ரால் எனும் கொழுப்புப் பொருள் உடலுக்குத் தேவையானதே. அளவு மிஞ்சினால் அது இரத்தக் குழாயின் உட்சுவரில் படிந்து வழியைக் குறுக்கும். இதனைத் தெளிவாகக் காட்டியவை முயல்கள். 1913ஆம் ஆண்டில் ருஷ்ய அறிஞர் நிக்கோலாய் அனிச்கோவ், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்கு ஊட்டினார். அவற்றின் குழாய்களில் கொழுப்பு படிந்தது. எலிக்கும் நாய்க்கும் அவ்வாறு எளிதில் படிவதில்லை. விலங்குக்கு விலங்கு உடலியல்பு வேறுபடும் என்பதை நாம் மனத்தில் கொள்ளவேண்டும்.

பின்னாளில், கொழுப்பு மிகுந்த தீனி உண்ட எலிகளுக்குத் தேன் கொடுத்துப் பார்த்தனர். பல ஆய்வுகளில் அவற்றின் இரத்தக் கொழுப்புக் குறைந்தது. மலேசியாவில் கெலுலுட் தேனைக் கொண்டும் எலிகளிடம் ஆய்வுகள் நடந்துள்ளன. தேனிலுள்ள பாலிபீனால் என்னும் பொருள்கள், இரத்தக் கொழுப்பு உயிர்வளியால் கெடுவதைத் தடுக்க உதவலாம் என்பது அறிஞர் கருத்து. அவ்வாறு கெட்ட கொழுப்பே குழாய்ச் சுவருக்குப் பெருந்தீங்கு செய்கிறது.

எனினும், மனிதரிடம் கண்ட பயன் சிறிது. எல்லா ஆய்விலும் ஒரே முடிவு கிட்டவில்லை. சீனிக்கு மாற்றாகத் தேன் உண்பது வேறு. சீனியோடு தேனையும் சேர்த்து உண்பது வேறு. தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரையே. ஒரு மேசைக் கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை உண்டு. அளவு மீறினால் இரத்தத்தில் வேறுவகைக் கொழுப்பு ஏறவும் கூடும்.

ஒருவர் தேனை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார் எனக் கொள்வோம். அவருக்கு வலி தோன்றாது; அதிகாலையில் வழக்கம்போல் வேலைக்குச் செல்வார். உள்ளே குழாய் அடைபட்டுக்கொண்டே வரும். ஒருநாள் மாரடைப்பே முதல் அறிகுறியாக வரலாம். குடும்பத்தைக் காப்பவர் இவ்வாறு வீழ்ந்தால் அவ்விழப்பை யார் ஈடுசெய்வார்?

ஆகவே, மாத்திரையை நாமாக நிறுத்தலாகாது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக் கொள்ளவேண்டும். தேநீரில் இடும் கெட்டிப்பாலையும் பொரித்த பண்டங்களையும் குறைத்தல் நலம். இனிப்புநீர் நோயுடையோர் மருத்துவரைக் கேட்டே தேன் உண்ணவேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனைத் தொட்டு வைப்பதும் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் குழந்தையின் உயிருக்கே ஊறு செய்யும்.

தேன் நல்ல உணவு; அதனை அளவோடு உண்போம். மருந்தின் இடத்தை மருந்துக்கே விட்டுவைப்போம்.