எல்.எஸ்.டி. என்றால் என்ன?



கால்நடை மருந்தகத்தில் "எல்.எஸ்.டி. தடுப்பூசி போட மாட்டை ஓட்டி வாங்க" என்கிறார்கள். வீட்டுக்கு வந்து பேப்பரைப் பிரித்தால், "எல்.எஸ்.டி. வைத்திருந்த வாலிபர் கைது" என்று போட்டிருக்கிறது. மாட்டுக்கு நல்லது, மனுஷனுக்குக் குற்றமா என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். எழுத்து மூன்றும் ஒன்று. பொருள் வேறு வேறு.

மாட்டுக்கு வரும் எல்.எஸ்.டி. என்பது 'லம்பி ஸ்கின் டிசீஸ்'. நாம் தோல் கழலை நோய் என்கிறோம். 2019-ல் ஒடிசாவில் முதலில் கண்டறியப்பட்டு, 2022-ல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் ஏராளமான மாடுகளைக் கொண்டு போன வைரஸ் நோய் இது. கொசு, ஈ, உண்ணி மூலம் பரவும். மனிதருக்குத் தொற்றாது. பாலை எப்போதும் போல் நன்றாகக் காய்ச்சிக் குடியுங்கள்.

இன்னும் பழைய எல்.எஸ்.டி. ஒன்று உண்டு. அது வெள்ளைக்காரன் காசுக் கணக்கு. பவுன், ஷில்லிங், பென்ஸ் மூன்றுக்கும் லத்தீன் மொழியில் லிப்ரா, சொலிடஸ், டினாரியஸ் என்று பெயர். முதலெழுத்துகளைச் சேர்த்து எல்.எஸ்.டி. என்றார்கள். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். நம் அணாக் கணக்கு 1957-ல் போனது போல, அங்கே இது 1971-ல் போயிற்று.

இனி போலீசார் பிடிக்கும் எல்.எஸ்.டி. இது ஜெர்மன் மொழிப் பெயரின் சுருக்கம்: லைசெர்க்-சாய்ரே-டைஎத்திலமைட். 'சாய்ரே' என்றால் அமிலம். இங்கிலீஷில் அமிலத்துக்கு 'ஆசிட்' என்பதால் நடுவில் 'ஏ' அல்லவா வர வேண்டும், 'எஸ்' எப்படி வந்தது என்பதற்கு இதுதான் விடை. 1967-ல் பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்' பாட்டின் தலைப்பிலிருந்து பெயர் வந்தது என்று சிலர் சொல்வது வெறும் கட்டுக்கதை. பெயர் அதற்கு ஏறக்குறைய முப்பது வருஷம் மூத்தது.

சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் சாண்டோஸ் மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938-ல் இதைத் தயாரித்தார். வரிசையில் 25-வது என்பதால் எல்.எஸ்.டி.-25 என்று குறித்து வைத்தார். 1943 ஏப்ரல் 19-ல் ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கைத் தாமே சாப்பிட்டுப் பார்த்தார். சைக்கிளில் வீடு போய்ச் சேருவதற்குள் பார்த்ததெல்லாம் நெளிந்தது. பால் கொண்டு வந்த பக்கத்து வீட்டு அம்மாள் சூனியக்காரியாகத் தெரிந்தாள். அத்தனை துளியே ஒரு மனிதரை அந்தப் பாடு படுத்தியது. இன்றைக்கு இதைச் சிறு காகிதத்தில் ஊற வைத்து 'ஸ்டாம்பு' என்று விற்கிறார்கள். பார்த்தால் பிள்ளைகள் ஒட்டி விளையாடும் படம் மாதிரிதான் இருக்கும். வெளியூரில் படிக்கும் தம்பி, மச்சினன் பையில் அப்படி ஏதாவது கண்டால் சும்மா விட்டுவிடாதீர்கள். 0.1 கிராமுக்கு மேல் பிடிபட்டுக் குற்றம் உறுதியானால் சட்டப்படி குறைந்தது 10 வருஷம் சிறை.

தாய்மார்கள் அறிய வேண்டிய சங்கதி இனிதான். ஹாஃப்மன் எதிலிருந்து இதைச் செய்தார் தெரியுமா? 'ரை' என்னும் தானியக் கதிரில் பிடிக்கும் எர்காட் என்ற கரும்பூசணத்தின் சத்திலிருந்து. அந்தப் பூசணம் கலந்த ரொட்டியைத் தின்று பழைய ஐரோப்பாவில் கை கால் கருகி மாண்டவர்கள் பலர். ஆனால் அங்குள்ள மருத்துவச்சிகள் அதையே பிரசவத்துக்கும் கொடுத்தார்கள், ஏனென்றால் அது கருப்பையை இறுக்கும். அளவு தப்பினால், அல்லது குழந்தை வெளியே வருமுன் கொடுத்தால், இரண்டு உயிருக்கும் ஆபத்து.

1935-ல் அதிலிருந்து எர்கோமெட்ரின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் உறவான மெத்தர்ஜின் ஊசியைத்தான் பிரசவத்துக்குப் பின் உதிரம் நிற்காத தாய்க்கு டாக்டர்கள் போடுகிறார்கள். ஆக்ஸிடோசின் முதலில், அது போதாதபோது இது. இந்த ஊசிக்குப் போதை கிடையாது, பயம் வேண்டாம். ஆனால் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இதைப் போடக் கூடாது. ஆகவே கர்ப்ப காலத்தில் கொதிப்பு இருந்ததானால், பிரசவத்துக்குப் போனதுமே நர்ஸம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வலியில் மனைவிக்குச் சொல்ல வராது. கூடப் போகும் கணவர் கையில் தாய் சேய் நல அட்டை இருக்கட்டும்.