ஓர் அடிக்குள் மூன்று சுரங்கள்

பாடகர் குழுவின் இசைத்தாள்களில் சில சுரக்குறிகளின் மேல் 3 என்னும் இலக்கம் சிறிதாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதை எழுதாமல் விட்டதால் கிறிஸ்து பிறப்பு விழாப் பயிற்சியில் நாங்கள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பாடல் நூல் ஒன்றே இருந்தது. நாங்கள் நால்வர் அமர்ந்து எல்லாருக்கும் கையால் படியெடுத்தோம். எங்களில் கீபோர்டு பயிலும் ஒருத்தி, "3 என்றால் நடுவிரல். பாடுகிறவர்களுக்கு விரல் எண் எதற்கு?" என்று அதை விட்டுவிட்டாள். (கீபோர்டுப் பாடங்களில் விரல்களுக்கு எண் உண்டு. எனவே முழுப் பழியையும் அவள்மேல் போட இயலாது.) பாட்டின் அசைகள் தனித்தனி என்பதால் மூன்று குவேவர்களையும் சேர்க்காமல் ஒவ்வொன்றுக்கும் தனிக்கொடி போட்டாள். பயிற்சியில் நூலைப் பார்த்து வாசித்த அக்கா முன்னே போய்விட்டார். நாங்கள் பின்னால் ஓடினோம். சகோதரி கோபிக்கவில்லை. "அந்தக் கட்டத்தைக் கூட்டிப் பாருங்கள், பிள்ளைகளா" என்றார்கள்.

கூட்டினோம். நான்கு அடித் தாளம். ஒரு கிராட்செட்டுக்கு 1 அடி, மூன்று குவேவருக்கு ஒன்றரை அடி, ஒரு மினிமுக்கு 2 அடி. ஆக நாலரை! அரை அடி எங்கிருந்தோ வந்து நுழைந்திருந்தது.

குவேவர் ஒன்றுக்கு அரை அடி. இரண்டு சேர்ந்தால் ஓர் அடி. அந்த இரண்டின் நேரத்தில் மூன்றைச் சமமாகப் பாடுவதே டிரிப்ளட். ஓசூர்ப் பிள்ளைகளுக்கு ஷிப்டைச் சொன்னால் உடனே விளங்கும். 24 மணி நேர வேலையை ஆளுக்கு 12 மணியாக இருவர் பார்க்கலாம். 8 மணியாக மூவரும் பார்க்கலாம். அதனால் நாள் நீளாது, பங்குதான் குறையும்.

கொடிகளுக்குப் பதிலாகத் தண்டுகளின் நுனிகளைச் சேர்த்து இழுக்கும் தடித்த கோட்டுக்குப் பீம் என்று பெயர். வீடு கட்டும்போது தூண்களின் மேல் போடுகிறார்களே, அதே பெயர்தான்! அடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அது கண்ணுக்குக் காட்டுகிறது. மேலுள்ள 3, அந்த அடியில் எத்தனை பங்காளிகள் என்று சொல்கிறது. பீம் இருந்தால் எண் மட்டும் போதும். கிராட்செட்டுக்குக் கொடி இல்லையாதலால், ஒரு கிராட்செட்டும் ஒரு குவேவரும் டிரிப்ளட் ஆகும்போது அவற்றைப் பீமால் சேர்க்க முடியாது. அப்போது மேலே அடைப்புக்கோடு வரைந்து அதன் நடுவில் 3 எழுத வேண்டும். பழைய பாடல் நூல்களில் அசைக்கொரு கொடி போடும் மரபு உண்டு. அங்கும் அடைப்புக்கோடு வேண்டும். ஆகவே எங்கள் தோழி கொடி போட்டது பிழையன்று, 3-ஐ விட்டதே பிழை.

எண் இருந்தாலும் முதல் இரண்டை அவசரமாகப் பாடி மூன்றாவதை நீட்டிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதற்கு மருந்து 'தகிட'. எங்கள் குழுவில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று வீட்டுமொழிகள் பல. ஆனால் 'தகிட' எல்லாருக்கும் ஒன்றே. கருநாடக இசையில் இது திஸ்ர நடை. நடையை முதலிலேயே குறித்துவிடுவதால் அடிதோறும் எண் தேவைப்படுவதில்லை. இவ்விரு முறைகளும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல. 1890-களிலேயே சென்னையில் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை மேனாட்டுக் குறியீட்டில் எழுதி அச்சிட்டார்.

5, 7 ஆகியவையும் இவ்வாறே. நான்கு செமிகுவேவர் நேரத்தில் ஐந்து வந்தால் 'தகதகிட', ஏழு வந்தால் 'தகிட தகதிமி'. 6/8 தாளத்தில் கதை தலைகீழ்; மூன்றின் நேரத்தை இரண்டு எடுத்துக்கொள்ளும், மேலே 2 இருக்கும்.

ஆறுதான் சுவையானது. 1825-இல் சூபர்ட் இயற்றிய 'ஆவே மரியா'வில் பியானோ ஓர் அடிக்கு ஆறாகவே ஓடுகிறது. செமிகுவேவருக்கு இரண்டு பீம்கள் உண்டு. வெளிப் பீம் ஆறின் மேலும் தொடர, உட்பீமை நடுவில் ஒருமுறை முறித்தால் 'தகிட தகிட'. இரண்டு இடங்களில் முறித்தால் 'தக தக தக'. சுரங்கள் அவையே, எண்ணும் அதே 6. பாட்டின் அசைவு மட்டும் மாறிவிடுகிறது!

விழாவன்று எங்கள் தாள்களில் 3 சிவப்பு மையில் இருந்தது. அதை விட்டவளே எல்லாத் தாள்களிலும் உட்கார்ந்து எழுதினாள்.