பட்டியலில் இல்லாதவர்கள்

அன்புள்ள பெறாமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஜெனீவாவில் பயிற்சி இனிதே நிறைவேறியதென்றும், இனிப் போர்ட் சூடானில் இருந்துகொண்டு டார்பூருக்குள் உணவு லொறிகள் செல்ல வழிகேட்டுப் பேசும் உத்தியோகமா, அல்லது நைரோபியில் தங்கி அந்தக் கலையை மற்றவர்களுக்குக் கற்பிக்கும் உத்தியோகமா என்பதை மாத முடிவிற்குள் தெரிவிக்கவேண்டுமென்றும் எழுதியிருக்கிறாய். முடிவு உன்னுடையது, அதிலே தலையிடும் உத்தேசம் எனக்குச் சிறிதும் இல்லை. உன் அம்மா சில நாட்களாக இரவில் உறங்குவதில்லை என்பதைக்கூட, உன் மனத்தைத் திருப்பும் நோக்கத்தோடு அல்ல, வீட்டுச் சமாசாரம் என்ற அளவிலேதான் குறிப்பிடுகிறேன்.

நீ அனுப்பிய பாடக் குறிப்புகளை முழுவதும் வாசித்தேன். செஞ்சிலுவைக் குழுவும், ஐ.நா.வின் அகதிகள் ஸ்தாபனமும், உலக உணவுத் திட்டமும், எல்லைகளற்ற வைத்தியர்களும், இன்னொரு சமரச நிலையமும் சேர்ந்து 2016 இல் நீ பயின்ற அந்த மையத்தை ஆரம்பிக்கும்வரை, வழிகேட்டுப் பேசும் வித்தை அவரவர் அதிர்ஷ்டத்தையும் சுபாவத்தையும் பொறுத்ததாகவே பெரும்பாலும் இருந்துவந்தது; ஆகையால் அதை ஒரு சாஸ்திரமாக ஒழுங்குசெய்தது உத்தமமான காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொள்வதையும் மறுப்பதையும் பிரித்தெழுதுவது, வாயால் கேட்பதற்கு அடியிலே உள்ளபடி வேண்டுவது என்னவென்று ஆராய்வது, யார் சொல்லை யார் கேட்பார் என்று படம் வரைவது, எந்த எல்லைக்கு அப்பால் இணங்குவதில்லை என்பதைப் பேசப் போகுமுன்னரே நிர்ணயித்துக்கொள்வது, எதிரே அமர்ந்து பேசுகிறவர் வேறு, அவருக்கு அதிகாரம் கொடுத்தவர் வேறு என்று வைத்துக்கொள்வது ஆகிய யாவும் நல்ல பாடங்களே. நம் ஊர்க் கல்யாணத் தரகர்கள் இவற்றில் பாதியையாவது ஜெனீவாவுக்குப் போகாமலே அறிவார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்தப் படத்திலே ஒருவரைக் காணவில்லை.

1949 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளின் பொது மூன்றாம் உறுப்புரை, பட்சபாதமற்ற மனிதாபிமான ஸ்தாபனம் ஒன்று தன் சேவையை அளிக்க முன்வரலாம் என்று சொல்கிறதே ஒழிய, வீதியைத் திறந்து தருவதில்லை. திறப்பதற்கு ஆயுதம் வைத்திருப்பவனின் சம்மதம் வேண்டும். சாட் நாட்டிலிருந்து டார்பூருக்குப் போகும் அட்ரே வழியை 2024 பெப்ரவரியில் மறுத்து, ஆகஸ்டில் மீண்டும் அனுமதித்தது அப்போது போர்ட் சூடானில் இருந்த அரசாங்கம். எல்லையைத் தாண்டியதும் வீதியை வைத்திருப்பதோ அதன் எதிரிப் படை. அதே ஆகஸ்டில்தான் சம்சம் முகாமில் பஞ்சம் நிலவுவதாக நிபுணர்கள் அறிவித்தார்கள். அனுமதி எழுதுகிறவர் ஒருவர், தடையை உயர்த்துகிறவர் இன்னொருவர் என்ற அந்த நிலைமையில், துப்பாக்கியோடு நிற்கும் பொடியனிடம் முதல் வார்த்தை பேசப்போகிறவர் நீயல்ல, உன் சாரதி. இதை ஏ-9 வீதியில் வளர்ந்த நம் குடும்பத்துக்கு நான் விளக்க வேண்டுமா?

ஓமந்தைக்கு இப்பால் இராணுவத்தாரிடம் சிங்களத்திலே சுகம் விசாரித்தும், அப்பால் பொடியன்மாருடைய தகப்பன்மாரைப் பெயர்சொல்லி விசாரித்தும், சாரதியாக எத்தனையோ லொறிகளை உன் மாமா கடந்துபோக வைத்தார். அறிக்கைகளிலே புகழ் மேலதிகாரிகளுக்குப் போயிற்று, அதைப்பற்றி அவர் கவலைப்பட்டவரல்லர். 2008 செப்டெம்பரில் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தரமுடியாதென்று அரசாங்கம் அறிவித்து ஐ.நா.வையும் நிவாரண நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னபோது, கிளிநொச்சியில் ஐ.நா. கந்தோர் வாசலிலே சனங்கள் பதாகைகளுடன் நின்று போகவேண்டாமென்று மன்றாடியது உலகமறிந்த சங்கதி. நான் உத்தியோகம் பார்த்த நிறுவனமும் (அதன் பெயரை இன்றும் எழுதப்போவதில்லை) அப்பொழுதுதான் வெளியேறியது. அதற்கான வழிக்காக இரு தரப்போடும் நாட்கணக்கில் பேசினார்கள். வாகனங்களின் இலக்கங்கள், மின்பிறப்பாக்கி, கணினிகள் யாவும் பட்டியலில் ஏறின. உன் மாமாவின் பெண்சாதி பிள்ளைகளுக்குப் புலிகள் இயக்கத்திடம் பாஸ் கேட்பதற்கு மாத்திரம் எவரும் வாய் திறக்கவில்லை. அவர்களை விட்டுவிட்டு அவர் வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். தட்டச்சில் அடித்து முத்திரை குத்திய நன்றிக் கடிதம் ஒன்று அவர் கையில் கொடுக்கப்பட்டது. மிச்சத்தை உனக்கு எழுத வேண்டியதில்லை.

2006 ஆகஸ்டில் மூதூரில் தங்கள் கந்தோர் வளவுக்குள்ளேயே கொல்லப்பட்ட நிவாரண ஊழியர் 17 பேரும் உள்ளூர்க்காரர். வன்னியில் தங்கிநின்ற செஞ்சிலுவைக் குழு, 2009 பெப்ரவரி தொடக்கம் மே மாதம் வரையில் இரு தரப்பிடமும் சம்மதம் பெற்று, 13,000க்கு மேற்பட்ட காயக்காரரையும் நோயாளரையும் அவர்களுடைய துணையாட்களையும் கடல்வழியாகக் காப்பாற்றியது. பேச்சுவார்த்தையின் வலிமைக்கு அதைவிடச் சிறந்த சாட்சியம் நான் அறியேன். அந்த மாதங்களில் எறிகணைக்கு இரையான அக்குழுவின் ஊழியர் மூவரும்கூட அந்த மண்ணிலேயே வாழ்ந்தவர்கள்தாம்.

இனி, உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டு உத்தியோகங்களும் சமமானவையே. எனினும், நைரோபியில் இருந்தால் சூடானியச் சாரதிகளையும், மொழிபெயர்ப்பாளரையும், ஊருக்கு ஊர் சமையற்கூடம் நடத்தும் அவசர உதவி அறைகளின் இளைஞர்களையும் அழைத்து, வாய்ப்பழக்கத்தால் அவர்கள் அறிந்ததை முறையாக்கிக் கொடுக்கவும், அவர்களிடமிருந்து நீ கற்றுக்கொள்ளவும் இயலும். போர்ட் சூடானிலோ வருடக்கணக்கில் விசாவுக்கும் அனுமதிப் பத்திரத்துக்கும் கந்தோர் வாசல்களில் காத்துக்கிடப்பாய். அப்படியும் நீ சூடானையே தெரிவுசெய்தால், உள்ளே போகும் வழியைப் பேசுமுன் வெளியே வரும் வழியைப் பேசு. உன் சாரதியின் குடும்பத்துப் பெயர்கள் வாகன இலக்கத்துக்கு மேலே எழுதப்படாத எந்தப் பட்டியலிலும் கையெழுத்திடாதே. இதை அம்மாவின் பேரிலும் கேட்கிறேன்.

கிழவன் அதிகம் பிரசங்கித்துவிட்டேன் போலும். நீ கெட்டிக்காரி, நம் குடும்பத்திலே எட்டு வயதில் தாத்தாவிடம் வாதாடி வென்றவள் நீ ஒருத்திதான், எந்தத் தளபதி உன்னிடம் தப்புவான்! பங்குனியில் வருவாயென்று பின்வளவு அறையை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் பொதிசெய்து வைத்திருக்கிறோம், கொழும்பிலிருந்து புறப்படும் எவரையாவது பிடித்து அனுப்புவோம். பணம் ஏதும் தேவையென்றால் கூசாமல் எழுது. எங்கே இருந்தாலும், எதைத் தெரிவுசெய்தாலும், நீ எங்கள் பிள்ளை.

உன் அன்பு மறவாத,
பெரியப்பா